மாவுக்கட்டும் மரியாதையும்

நடந்தால் என் முட்டிகள் இரண்டும் உரசிக்கொள்ளும். பாதங்கள் மட்டும் பாகப்பிரிவினைக்குப் பிறகு பேசாத பங்காளிகளைப்போல விலகி நிற்கும். காரமடைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கத்திரி என்று பெயர். அங்கே நான் அதிக நாள் இருக்கவில்லை. கொண்டுவந்த படிப்பில் முக்கால்வாசி அந்தப் பெயர்தான். தோட்டத்திலும் அதே லட்சணம். கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது மாட்டோடு பின்வாங்கத் தெரியாமல் இரண்டு முறை கிணற்றை எட்டிப் பார்த்தேன். மீசை அரும்பியபோது அப்பா என்னை வண்டியேற்றிக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் சென்னைப் பக்கத்துக்காரர், வேகமாகப் பேசுபவர். "தொடை எலும்பை முட்டிக்கு மேலே உளியால் வெட்டி, நேராக்கிக் கட்டணும். முதலில் இடது கால். அது கூடினபிறகு வலது" என்றார்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் அப்பா. கலப்பைக்கு மேழி மாற்றும் ஆசாரியிடமும் அதைத்தான் சொல்வார்.

குளோரோபாம் தெளிந்தபோது இடுப்பிலிருந்து பாதம்வரை வெள்ளையடித்த தூண் ஒன்று என்னோடு படுத்திருந்தது. விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. டாக்டர் அப்பாவிடம் சொன்னார்: "விரல் சில்லிட்டாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே ஆள் அனுப்புங்க. கட்டு இறுகினால் காலே போயிடும்."

"சரிங்க."

மறுநாள் விடிந்ததும் விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. வலி தாங்காமல் அப்பாவை எழுப்பினேன். குனிந்து பார்த்தார்.

"டாக்டரு இப்பத்தான் வந்து காப்பி குடிக்கறாரு கண்ணு. இங்க வாரப்போ சொல்லிப்போடலாம்."

டாக்டர் வந்தார். "எப்படி இருக்கு?"

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்குதுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளை ஒரு அழுத்து அழுத்தினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கும், அங்கிருந்து அடுத்த வார்டுக்கும் போய்விட்டார்.

"ஏனுங்கப்பா இப்படிச் சொன்னீங்க?"

"மூஞ்சிக்கு நேரா, நீங்க கட்டுன கட்டு சரியில்லீங்கன்னு எப்படிறா சொல்றது? பெரிய மனுசன். சாயங்காலம் தனியாப் பாத்துப் பக்குவமாச் சொல்றேன்."

பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்க, பையனோட வெரலு கறுக்குதுங்க."

"ஆமாங்க. நீங்க பலகாரம் சாப்ட்டீங்களா?" என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. அதுதான் பயமாக இருந்தது. விரல்களை ஆட்டினால் ஆடவில்லை. கிள்ளினால் யாரையோ கிள்ளியதுபோல இருந்தது. அப்போது வெளி வராந்தாவில் டாக்டரின் தொப்பி போவது தெரிந்தது. அது போய்விட்டால் சாயங்காலம்தான்.

"டேய் டாக்டரு! என் காலு சாகுதுடா! வந்து பாருடா!"

டாக்டர் ஓடி வந்தார். விரலை ஒரு முறை அழுத்தினார், கத்திரியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார், மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்தார். நின்றிருந்த ரத்தம் காலுக்குள் திரும்பியபோது எரிந்த எரிச்சலில் நான் இன்னும் சில நல்ல வார்த்தைகளைச் சொன்னேன். விரல்கள் மெல்லச் சிவந்தன. அதன்பிறகுதான் டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார்.

"காலையில் கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

அப்பா கைகூப்பினார். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் மரியாதையில்லாமப் பேசிப்போட்டான்."

வலது காலுக்குக் கட்டுப் போட்ட பிறகு டாக்டர் அப்பாவை எதுவும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "சொல்லுடா" என்பார்.

இரண்டு காலும் நேரான பிறகு ஊருக்குப் போனோம். பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் அப்பா என் கால்களைப் பற்றிப் பேசவேயில்லை. டாக்டரை நான் டேய் என்றதைத்தான் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அந்தக் கால்கள் எனக்குச் செய்த முதல் உருப்படியான வேலை, அங்கிருந்து எழுந்து மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்து நடந்ததுதான். முட்டி உரசவில்லை.