நாய்க்குச் சொன்ன 'வாங்க'

எங்கள் வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா தினமும் காலையில் நாயோடு நடக்கப் போவார். கயிறு கிடையாது, சங்கிலி கிடையாது. அது பாட்டுக்கு அவர் காலோடு ஒட்டிக்கொண்டு போகும். இதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பொறாமை தாங்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் கிளார்க் அவர். ஒரு நாள் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வரும்போது, எங்கிருந்தோ ஒரு செவலைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளைக்கார அம்மாவிடமே போய்ப் பாடம் கேட்டார். நாயை அதட்டக் கூடாது, மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவர் சொன்னாராம். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "வாங்க", "உட்காருங்க", "இருங்க". சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு பிஸ்கட். "போதும்" என்றால் எழுந்துவிடலாம்.

"என்னை இத்தனை வருஷமா 'இந்தா'ன்னுதான் கூப்பிடறீங்க. நாய்க்கு மட்டும் வாங்க, போங்களா?" என்றேன்.

"உனக்கு டிரெய்னிங் தேவையில்லையே" என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் நாய் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டது. கயிறு இல்லாமலே ரோட்டில் எங்களோடு நடந்தது. ஆடு, பஸ், சாமியார், எதையும் சட்டை செய்யாது. வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு முகூர்த்த நாள் காலையில் கல்யாண மண்டபம் ஒன்றைத் தாண்டிப் போனோம். பெண்ணின் அப்பா வாசலில் கைகூப்பி நின்று, வேனிலிருந்து இறங்கியவர்களை "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்கள் நாய் திரும்பிப் பார்த்தது. நேராக உள்ளே போய்விட்டது. பன்னீர்ச் சொம்போடு நின்ற சின்னப் பெண், கைவாக்கில் அதன் தலையிலும் தெளித்தாள்.

லுங்கியில் இவரும், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டிருந்த நானும் பின்னாலேயே ஓடினோம். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ "உட்காருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். தரையில் பாய் விரித்த வரிசையின் கடைசியில், ஒரு பெரியவருக்குப் பக்கத்தில், காலி இலைக்கு முன்னால் நாய் உட்கார்ந்திருந்தது. இலையை மோந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க" என்று இவர் அடித்தொண்டையில் கூப்பிட்டார். நாய் எழுந்தது. அதற்குள் பாயச வாளியோடு வந்தவர், எழப்போன பெரியவரைப் பார்த்து, "இருங்க, இருங்க, பாயசம் வருது" என்றார். நாய் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

பெரியவர் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். "யாருதுங்க இது?"

"எங்களுதுதாங்க. ஒண்ணும் பண்ணாது" என்றார் இவர்.

"அதான் தெரியுதே. நீங்க மாப்பிள்ளை வீடா?"

இவர் 'போதும்' என்று ஒரு வார்த்தை இருப்பதே மறந்துபோய், நின்ற இடத்திலேயே நின்றார். நல்லவேளை, பாயசக்காரர் பெரியவர் இலையில் இரண்டாவது கரண்டியைச் சாய்த்தார்.

"போதும், போதும்!" என்று பெரியவர் கையால் மறித்தார்.

நாய் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, வந்த வழியே வெளியே நடந்தது.

வாசலில் பெண்ணின் அப்பா எங்களை மறித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கல்யாண வீட்டுக்குள்ள வந்துட்டு சாப்பிடாம போவீங்களா? ஒருத்தர் நாயைப் புடிங்க, ஒருத்தர் சாப்பிடுங்க" என்றார்.

இவர் ஒரு பேச்சுக்குக்கூட என்னைக் கேட்காமல் பந்திக்குப் போய்விட்டார். நான் நைட்டியோடு, நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு வணக்கம், எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.