ஆடாதொடைக் கஷாயம்

1974 நவம்பர் 12, செவ்வாய், காலை ஆறே கால், விடாத தூறல். என் இருமலுக்கு மருந்து வாங்கச் சதுரங்கப்பட்டினத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. வாயைத் துணியால் கட்டிய சொம்பை, பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்து தூக்கிப் பிடித்தாள். என் வேட்டியில் சிந்துமோ என்று எனக்குக் கவலை. உள்ளே ஆடாதொடைக் கஷாயம், டி.பி.யோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகனுக்கு.

"இதனால் டி.பி. போகும் என்பதற்கு ஆதாரமே இல்லையம்மா" என்றேன்.

"டாக்டரும் அதான் சொன்னாரு நைனா. சளிய எளக்குமாம், நோவு போவாதாம். மாத்திர அவரு குடுக்கறாரு. பெத்தவ நான் வெறுங்கையோட போவவா?"

மாலை பஸ்ஸிலும் அவளே பக்கத்தில் இருந்தாள். சொம்பின் கட்டு அவிழவில்லை.

"நான் போறதுக்குள்ள பூட்டான் நைனா. தூக்கினு வர்றதுக்கு ஆம்பளைங்கள இட்டார வூட்டுக்குப் போறேன்."

அப்போதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதைத் தூக்கிப் பிடித்தாள். நான் இருமினேன். கட்டை அவிழ்த்து நீட்டினாள்.

"நீ குடி. கீழ கொட்ட மனசு வரல."

கசப்பைக் குடித்து முடித்தேன். ஊர் வரை இருமல் வரவில்லை. அது கஷாயத்தாலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். இரண்டு ரூபாய் இருபது பைசா.