ஆடிச் சீராக வந்த தேக்கு

எங்கள் சித்தப்பா விமானம் கட்டினார். பொம்மை விமானம் இல்லை, ஆள் உட்கார்ந்து பறக்கிற விமானம். ராஜபாளையத்தில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளில், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அது உருவானதைக் கண்ணால் பார்த்தவள் நான். அது பறக்கும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. முதல் ஆளாக என்னை மடியில் வைத்துக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை மேலிருந்து காட்டுவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

சித்தப்பா பஞ்சாலையில் மெக்கானிக். மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகையில் மர விமானத்தின் படமும் அளவுகளும் இருந்தன. என்ன மரம் என்றும் போட்டிருந்தது. அது பனி கொட்டுகிற தேசத்தில் வளர்கிற மரமாம். நம் ஊரில் பனி பெய்தால் சளிதான் பிடிக்கும் என்றார் அப்பா. சித்தப்பா அசரவில்லை. தேக்கு, வேங்கை, மா, மலைவேம்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு முழத் துண்டு அறுத்து வந்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். பிறகு துண்டை இரண்டு ஸ்டூலுக்கு நடுவே வைத்து, வாளியைத் தொங்கவிட்டு, ஒடிகிற வரைக்கும் மணல் கொட்டினார். மணல் அள்ளிக் கொட்டியது நான். தேக்கு ஒடியவே இல்லை, ஆனால் பிணக் கனம். மலைவேம்பு ஓரளவு தாங்கியது, தூக்கினால் தக்கை. அதுதான் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் மலைவேம்பு தீக்குச்சிக்கும் பழப்பெட்டிக்கும் போகிற மரம். "ஏலே, தீப்பெட்டியில ஏறியா பறக்கப் போறே?" என்று அப்பா கேட்டார். எஞ்சின் விஷயத்திலும் அப்பாவுக்கு ஒரு கருத்து இருந்தது. தோட்டத்துக் கிணற்று ஆயில் எஞ்சின் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை, அதைக் கழற்றி மாட்டிக்கொள் என்றார். சித்தப்பா காதில் வாங்காமல் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை வாங்கி வந்தார். மரம் லேசு, அதனால் சின்ன எஞ்சின் போதும். எஞ்சின் சின்னது, அதனால் லேசான மரம் தாங்கும். இந்தக் கணக்கு எனக்கே நன்றாகப் புரிந்தது.

அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே மரவாடியும் அறுவை மில்லும் இருந்தன. அதிகம் பேச மாட்டாள். வந்த வாரமே கொட்டகைக்குள் வந்து மலைவேம்புச் சட்டம் ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுலயா ஏறப் போறிய?"

"ஆமா. காத்து மாதிரி போகும்ல" என்றார் சித்தப்பா பெருமையாக. அவள் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடிக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆடி கழிந்து திரும்பியபோது பின்னாலேயே ஒரு லாரி வந்தது. லாரி நிறையத் தேக்கு. பலகைக்குப் பலகை சந்தனம், குங்குமம். மேலே தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை. சித்தியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"எம் மாப்பிள்ளை தீக்குச்சி மரத்துல ஏறுனாருன்னா ஊருல எம் மூஞ்சியில துப்ப மாட்டானா? எல்லாம் வைரம் பாஞ்ச மரம். எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோங்க."

சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. கட்டில் செய்துகொள்கிறேன் என்றார். கட்டிலும் பீரோவும்தான் கல்யாணத்துக்கே கொடுத்தாயிற்றே என்றார் மாமனார். வந்த சீரைத் திருப்பி அனுப்பினால் பெண்ணையே திருப்பி அனுப்பின மாதிரி. அம்மா சித்தப்பாவை அடுக்களைக்குள் கூப்பிட்டு இதைத்தான் சொன்னாள். வெளியே வந்து "ரொம்ப சந்தோசம் மாமா" என்றார் சித்தப்பா. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மாமனார் வந்து, எந்தப் பலகை எங்கே போயிருக்கிறது என்று தட்டிப் பார்த்தார். மரம் கனத்ததால் புல்லட் எஞ்சின் போதவில்லை. அம்பாசிடர் கார் எஞ்சின் வந்தது. அது கனத்ததால் தாங்கும் சட்டங்கள் இன்னும் தடியாக வேண்டியிருந்தன. அதற்கும் தேக்கு இருந்தது. முன்னால் சுழலும் காற்றாடியைக்கூடச் சித்தப்பா தேக்கிலேயே செதுக்கினார். மிஞ்சிய மலைவேம்பில் அம்மா கோழிக்கூடு அடித்துக்கொண்டாள். வேலை முடிந்தபோது விமானம் ஆண்டாள் தேர் மாதிரி நின்றது. இது பறக்காமல் வேறு எது பறக்கும் என்று நான் நினைத்தேன்.

சித்திரையில், தளவாய்புரம் போகிற வழியில் வற்றிக் கிடந்த கண்மாய்க்கு அதை டிராக்டரில் இழுத்துப் போனோம். சொந்தபந்தம் மொத்தமும் கரையில் கூடிவிட்டது. சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டாள். அத்தைமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"பயமா இல்லையா சித்தி?"

"எதுக்குட்டி பயம்? எங்க அய்யா வாடி மரம்ல" என்று எனக்கும் ஒரு பிடி கடலை கொடுத்தாள்.

இந்த நேரத்திலும் பிறந்த வீட்டுப் பெருமையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

விமானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் புழுதி பறக்க ஓடியது. ஆட்கள் திருப்பிவிட, மறுபடியும் ஓடி வந்தது. சக்கரம் ஒரு விரற்கடைகூடத் தரையை விடவில்லை. மாமனார் ஓடிப்போய் இறக்கையைத் தட்டினார். "பாத்தியளா, இம்புட்டு ஓட்டத்துக்கும் ஒரு ஆணி அசையல!" என்றார். கூட்டம் கைதட்டியது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தப்பா தலை முதல் கால் வரை புழுதியாக நடந்து வந்தார். சித்தி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எஞ்சின் பத்தல. லாரி எஞ்சின் வச்சா எந்திரிச்சிரும்" என்றார்.

"வைங்க" என்றாள் சித்தி. "அதைத் தாங்குத மாதிரி இன்னும் தடியா மரம் அனுப்பச் சொல்லுதேன்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். திரும்பி விமானத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். சித்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சேலையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை உதறினாள். அவள் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

லாரி எஞ்சின் வரப்போகிற சந்தோஷம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அழுகை நின்றுவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொன்னேன்: அடுத்த தடவை லாரி எஞ்சின், இதைவிடத் தடியான தேக்கு, மரத்துக்குக் கவலையே இல்லை, அதை எங்கள் சித்தி பார்த்துக்கொள்வாள்.