குடலுக்கா, மூளைக்கா? ஒரு மருந்துக்கடைக்காரியின் குழப்பங்கள்

மருந்துக்கடையில் நின்றவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த வியாதியாக இருந்தாலும் முதலில் வயிற்றில்தான் கை வைப்பார்கள்.

நான் வேலம்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் இருபது வருஷமாக நிற்கிறேன். பார்மசி டிப்ளமோ படித்தவள். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் எங்கள் கடையில் வயிற்று மருந்து ஓட ஆரம்பித்துவிடும். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவதால் வருகிற கோளாறு என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது என்னவென்றால், குடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் மூளைக்கும் ஓயாமல் தகவல் போய் வருகிறது, அது மனசையும் பாதிக்கும் என்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் வாருங்கள், சேர்ந்தே குழம்பலாம்.

ஒரே லைன்

பழனிசாமி அண்ணன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். குன்னத்தூர்க்காரர். காலையில் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை கழிவறைக்குப் போவார். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் நாலாவது தடவை. ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. குடலில் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கடைசியில் டவுனில் ஒரு குடல் டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய சீட்டோடு எங்களிடம் வந்தார். வாங்கிப் போனவர் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து மாத்திரை அட்டையைக் கவுண்ட்டரில் வைத்தார். அவர் மகள் போனில் தேடிப் பார்த்தாளாம். மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரை என்று போட்டிருந்ததாம். “ஏனுங்க அம்மிணி, வயித்தெக் காட்டப் போனா, எனக்குப் பைத்தியம்னு எழுதி உட்டுட்டாரா அந்த டாக்டரு?” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

எனக்கும் சந்தேகம் வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். “அளவைப் பாருங்கம்மா, ரொம்பக் கம்மி. குடல் நரம்பு சும்மா சும்மா துடிக்காம இருக்கறதுக்குத்தான் அது” என்றார் அவர். குடலுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. அங்கே நடப்பது இங்கே தெரியும், இங்கே நடப்பது அங்கே தெரியும். குடலில் இருக்கிற நுண்ணுயிர்களும் தங்கள் பங்குக்கு என்னென்னவோ ரசாயனம் தயாரித்துவிடுகின்றன என்று விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “செரீங்க, முழுங்கறேன். ஆனா லைனு ஒண்ணுதான்னா, ஃபால்ட்டு எந்தப் பக்கமுன்னு ஆருங்க பாக்கறது?”

பாதிச் சீட்டு

மஞ்சுளா எங்கள் கடைக்குப் பின்தெருவில் இருப்பவள். ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலையில் இருந்தாள். ரெண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டவள் போகவில்லை. தோளில் குழந்தை வீரிட்டு அழுகிறது, இவள் எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “மஞ்சு” என்று நான் ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

அடுத்த வாரம் அவள் புருஷன் ஒரு சீட்டோடு வந்தார். மனநல டாக்டர் எழுதிய சீட்டு. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை. வயிறும் சரியில்லை என்பதால் குடலுக்கு நல்ல நுண்ணுயிர் கொண்ட ஒரு பொடி. கீழே மோர், கீரை, பழம், தினமும் நடை என்று எழுதியிருந்தது. மனிதருக்கு முகமெல்லாம் நிம்மதி. “பாத்தீங்களா அக்கா, அந்த டாக்டருக்கே தெரிஞ்சிருக்குது, இது வயித்துக் கோளாறுதான்னு. எங்கம்மா அப்பவே சொன்னாங்க. பொடி மட்டும் குடுங்க, அந்த இன்னொண்ணு வேண்டாம்” என்றார்.

நான் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. ஒரு நிமிஷம், அவர் சொல்வதும் சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. குடல் சரியானால் மனசும் சரியாகும் என்று போனில் நானும் நாலு கட்டுரை படித்திருந்தேனே! ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. “கொடுத்தா ரெண்டும் கொடுப்பேன். இல்லீன்னா டாக்டரைக் கேட்டுக்குங்க” என்று சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கேட்க இவர் முகம் வெளுத்துப்போனது மட்டும் தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெண்டையும் வாங்கிப் போனார்.

மாசம் ஒன்றரை போயிருக்கும், மஞ்சுளா தானே வந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “ஊட்டுல எல்லார்த்துகிட்டயும் வயித்துவலின்னுதாங்க சொல்லியிருக்குது. நீங்களும் அப்படியே சொல்லிருங்க அக்கா. ஆனா எனக்கு ரெண்டு மருந்தும் வேணும்.”

நல்ல கிருமி

எங்கள் ஓனர் அண்ணன் நல்லவர். ஆனால் எதையாவது புதிதாகக் கேள்விப்பட்டால் உடனே போர்டு எழுதி மாட்டிவிடுவார். “குடலில் நல்ல கிருமி, மனதில் நிம்மதி” என்று ஒன்று எழுதி மாட்டினார். அதன் பக்கத்திலேயே, கிருமிகளை முழுவதும் ஒழிக்கும் என்று சொல்லும் சோப்பு விளம்பரம். வாடிக்கையாக வருகிற ஓர் அம்மா, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர், ரெண்டையும் மாறி மாறிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “ஏனுங்க கண்ணு, நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எதுன்னு அந்தச் சோப்புக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

ரெப் எடுத்த பாடம்

அந்த போர்டுக்குக் காரணம் ஒரு மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, கையில் படம் காட்ட ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர். நல்ல நுண்ணுயிர் கேப்ஸ்யூல் ஒன்றை விற்க வந்தார். குடல்தான் ரெண்டாவது மூளை என்று ஆரம்பித்தார். நம்மைச் சந்தோஷமாக வைத்திருக்கிற ரசாயனம் என்று சொல்வார்களே, அதில் பெரும்பகுதி குடலில்தான் உற்பத்தியாகிறது என்றார். “அந்தக் குடல்ல இருக்கறது அப்படியே மூளைக்குப் போயிருமா?” என்று கேட்டேன். “அப்படி நேரடியாப் போகாதுங்க” என்றார். “அப்ப எப்படிப் போகும்?” படங்களை முன்னும் பின்னும் தள்ளினார். “ஆராய்ச்சி நடந்துட்டிருக்குதுங்க” என்றார். எந்த வகை நுண்ணுயிர், எந்தக் குறைக்கு, எத்தனை நாளைக்கு என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டே இருந்தது. மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நாளைக்கு என்னிடம் வந்து கேட்பார்களே என்ற கவலையில் கேட்டேன்.

எல்லாம் முடிந்து பையை மூடினவர் போகாமல் நின்றார். “அக்கா, ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லீங்க. சாப்பிட்டா நெஞ்சு வரைக்கும் எதுக்களிக்குது. ஏதாச்சும் சொல்லுங்களேன்” என்றார். நான் அவர் விற்க வந்த கேப்ஸ்யூல் பெட்டியைக் காட்டினேன். இதைச் சாப்பிட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் ஓனர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “ஒரு மாசம் சாப்பிட்டேனுங்க அக்கா, விக்கற டார்கெட் முடியாம எனக்கு எந்த மருந்தும் கேக்காதுங்க.”

பிகாஷின் தூக்கம்

இது நான் செய்த தப்பு. பிகாஷ் ஒடிசாக்காரன், கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தான். “பேட் கராப், அக்கா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். வயிறு கெட்டுப்போச்சு என்று அர்த்தம். அந்த அளவுக்கு ஹிந்தி எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது. கடையில் கூட்டம். கொடுத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். மறுபடியும் கொடுத்தேன்.

மூன்றாவது தடவை வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கூட வந்த அறைத்தோழனுக்குத் தமிழ் நன்றாக வரும். இவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஒரு வாரமாக யாரிடமும் பேசவில்லை, நேற்று ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்றான் என்று சொன்னான். ஓனர் அண்ணனே ஆட்டோவைக் கூப்பிட்டார். பிகாஷையும் அந்தத் தோழனையும் கூட்டிக்கொண்டு நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ரெண்டு அட்டையையும் பார்த்தார். “யார் குடுத்தது?” என்றார். நான்தான் என்றேன். கெட்டதோடு சேர்த்து நல்ல நுண்ணுயிர்களையும் வாரிக் கொட்டியிருக்கிறீர்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால்தான் மனசும் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவனுக்கு வேற காரணமே இருக்காதா?” என்று, அங்கேயே மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார். அவர்கள் மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் வரச் சொன்னார்கள். ஊரில், வீட்டில் என்ன சாப்பிடுவாய் என்று அவர்கள் கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோறு என்றான். ஹாஸ்டலில் சமைக்கிற அக்கா திருநெல்வேலிக்காரர். விஷயத்தைச் சொன்னதும், “அட, நம்ம பழைய சோத்தத்தான் இவன் வேற பேர்ல கேக்கான்” என்று சிரித்து, தினமும் அவனுக்கென்று ஒரு சட்டியில் எடுத்து வைத்தார். கம்பெனியில் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார்கள். பொண்டாட்டியோடு தினமும் வீடியோவில் பேசினான்.

ரெண்டு மாசத்தில் ஆள் தெளிந்துவிட்டான். எது வேலை செய்தது? மாத்திரையா, பழைய சோறா, ஷிஃப்டா? தெரிந்துகொண்டால் அடுத்த ஆளுக்குச் சொல்லலாமே என்று அவனையே கேட்டேன். அவனுடைய தமிழில் சொன்னான்: “மாத்திரை நல்லா இருக்கு, சோறு நல்லா இருக்கு. ஆனா அக்கா, ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சு, அன்னிக்குத்தான் தூங்குனேன்.”

எழுபத்தஞ்சும் இருபத்தஞ்சும்

அடுத்தவர் கதையெல்லாம் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நன்றாக இருக்காது. மூலனூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். வந்த அன்றைக்கே வாந்தி, பேதி. அது நாலு நாளில் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் வேறொன்று ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சுக்குள் ஒரு திகில். வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை சச்சரவு இல்லை. ஆனாலும் என்னவோ கெட்ட சேதி வரப்போவது போலவே இருக்கும். வயிறு பொருமும். மோர் குடித்தேன், கம்மங்கூழ் குடித்தேன், அந்த ரெப் கொடுத்துவிட்டுப் போன கேப்ஸ்யூலையும் முழுங்கினேன். நம் கையில் மருந்துக்கடையே இருக்கும்போது டாக்டரிடம் போவதா என்ற கௌரவம்.

ஒரு மாசம் அப்படி ஓடியது. ஒரு மத்தியானம், தைராய்டு மாத்திரை வாங்குகிற ஒரு டீச்சர் திரும்பி வந்து பாட்டிலை நீட்டினார். இருபத்தஞ்சு மைக்ரோகிராம் கேட்டவருக்கு எழுபத்தஞ்சைக் கொடுத்திருந்தேன். “லேபிள் கலர் வேறயா இருந்துச்சுங்க, அதான் திறக்காமயே எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார் சாதாரணமாக. இருபது வருஷத்தில் நடக்காதது. லேபிள் ஒரே நிறத்தில் இருந்திருந்தால்? உள்ளே போய் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஓனர் அண்ணன் திட்டவில்லை. என் கையில் இருந்த கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்பறம் வா அம்மிணி” என்றார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. கல்யாணச் சாப்பாடு குடலைக் கெடுத்து, குடல் மனசைக் கெடுத்ததா? இல்லை, ஏற்கெனவே கெட்டிருந்த மனசு வயிற்றைச் சாக்காகப் பிடித்துக்கொண்டதா? எது முதலில் வந்தது என்று ரெண்டு தடவை கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்: “அது எனக்கும் தெரியாதுங்க. தெரியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ரெண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பாத்துருவோம்.”

எனக்கு இப்போது தேவலை; ஆனால் வயிறு சரியில்லை என்று யார் வந்தாலும் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்காமல் “ராத்திரி தூங்கினீங்களா, மனசு எப்படி இருக்குது?” என்று கேட்டுத் தொலைக்கிறேன், பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.