மரைக்காரின் சட்டைப் பைக்குள் போன கண்ணாடி

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காலிதீனுக்கு வானசாஸ்திரத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. கூட்டமெல்லாம் அவருடைய கடையில் நடந்ததாலும், தேத்தண்ணிக்கு அவர் முகம் சுளிக்காததாலும்தான் வானவியல் கழகத்துக்குத் தலைவரானார். செயலாளர் குணம் காரைதீவுக்காரன், தபால் கந்தோரில் வேலை. கொழும்பில் யாரோ கைவிட்ட பழைய தொலைநோக்கியை அவன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த நாளிலிருந்து, அதைத் துடைப்பதும் மூடுவதும் காலிதீனின் வேலையாயிற்று. வியாழனைச் சுற்றும் நிலவுகளை முதல் தடவை பார்த்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

எண்பதாம் ஆண்டு, ஊருக்கெல்லாம் வானத்தைக் காட்டுவோம் என்று முடிவாயிற்று. இருட்டான இரவு வேண்டும் என்றான் குணம். நோன்பு தொடங்கிவிட்டால் இரவில் தறாவீஹ் தொழுகை, ஒரு குருவியும் வராது, அதற்கு முந்தின மாலையே வைப்போம் என்றார் தலைவர். நற்பிட்டிமுனைப் பக்கத்து வயலோரம் என்று இடத்தையும் குறித்து, ஒலிபெருக்கி கட்டிய காரில் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

தலைவர் நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தை முப்பது நாளாக எண்ணிவிட்டார். அவர் குறித்ததோ இருபத்தொன்பதாம் பிறை மாலை. நோன்புக்கான தலைப்பிறையை ஊரே தேடும் மாலை அது, கண்டால் மறுநாளே நோன்பு! தேடுவதும் அதே வயலோரத்தில்தான். எங்கள் கரையில் கடல் கிழக்கே கிடக்கிறது, பிறை மேற்கே வயலுக்கு மேல்தான் தெரியும். நோன்பு வந்தால் பகலில் கடை பூட்டுகிற மனுஷன் பிறையை மறந்தால் அவரை என்னவென்று சொல்வது?

கழகத்தார் கண்ணாடி வைத்துப் பிறை பிடிக்கப் போகிறார்கள் என்று ஊரில் கதை பரவியது.

"பிறையக் கண்டாலும் காலிதீன் காக்கா காணல்லண்டுதான் சொல்லுவார். ஒரு நாள் கூடக் கட தொறக்கலாமே" என்று, அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறவர்கள் கடையிலேயே இருந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மீராமுகைதீன் மரைக்கார், பள்ளிவாசலில் பிறைக்குச் சாட்சி ஏற்கிறவர், காலிதீனின் மாமனார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் குடியிருப்பார். காலிதீன் படுத்த கட்டிலும் மரைக்கார் மகளுக்குக் கொடுத்த வீட்டில்தான் கிடந்தது.

"கண்ணால காணாத பிறைக்கு நோன்பு இல்ல, மகன்" என்றார் மரைக்கார். "உங்கட குழாயால ஒருத்தன் கண்டன் எண்டு சொன்னா, பாதி ஊர் நோன்பு பிடிக்கும், பாதி ஊர் சோறு திங்கும். ஊர ரெண்டாக்கின பழிய என்ட வாசலுக்குக் கொண்டு வந்திராதீங்க."

"வாப்பா இந்தப் படி மிதிக்காம விட்டா நான் எந்தப் பக்கம் நிக்கிற?" என்று கேட்டாள் மனைவி ஜுனைதா.

நிகழ்ச்சியை நிறுத்தினாலோ, கண்ணாடியை ஒளித்து வைத்துப் பிறை பார்த்தார்கள் என்ற கதை வரும். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்த மாலை காலிதீன் வயலோரம் போய்ச் சேர்ந்தார். வரம்பெல்லாம் சனம், முன்னால் மரைக்கார். குணம் தொலைநோக்கியை நிறுத்திவிட்டிருந்தான்.

காலிதீன் நேரே போய், கண் வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் பார்க்க அதை மாமனாரிடம் நீட்டினார்.

"மாமா, இது இல்லாம அந்தக் குழாய் குருடு. பிறை முடியுமட்டும் உங்கட சட்டப் பைக்குள்ளயே இரிக்கட்டும்."

மரைக்கார் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சூரியன் விழுந்தது. மேற்கே நீளமாக ஒரு மேகம். பிறை எங்கே நிற்கும் என்று குணத்துக்குத் தெரியும். அவன் கை தானாகவே எழும்பியது.

"வாயத் துறந்தா நாளையிலிரிந்து உனக்கு வெறுந்தேத்தண்ணியும் இல்ல" என்று பல்லைக் கடித்தார் காலிதீன். குணம் கையைக் கட்டிக்கொண்டான்.

பிறை இருந்தும் ஒருவர் கண்ணிலும் படாமல் போனால்? குழாயைத் தா என்று நாலு பேர் கிளம்பினால்? காலிதீன் ஓதாத ஓதல் இல்லை.

"அந்தா! ஒத்தப் பனைக்கு வலப்பக்கம்!"

கத்தியவர் வண்டிக்காரச் சரீப். அடுத்த கணம் நாலைந்து குரல். பெண்கள் நின்ற பக்கத்திலும் "அல்லாஹு அக்பர்" என்றார்கள். கண்டவர்கள் வந்து சொல்லச் சொல்ல, மரைக்கார் ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டுச் சாட்சி ஏற்றார். நாளைக்கு நோன்பு. ஊருக்கு ஒரே நோன்பு! காலிதீன் அப்படியே வரம்பில் குந்திவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

சனம் பள்ளிக்குக் கலையத் தொடங்கியது. மரைக்கார் மட்டும் அசையாமல், கண்ணை இடுக்கி மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மருமகனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மகன்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "எனக்குத் தெரியிதில்ல."

எத்தனையோ வருஷம் ஊருக்குப் பிறை சொன்னவர். மரைக்காரின் கை சட்டைப் பைக்குள் போய்க் கண்ணாடியோடு வந்தது.

"சாட்சி முடிஞ்சிது. இனிப் பாத்தாக் குத்தமில்ல. குழாயில பூட்டுங்க."

குணம் ஓடிவந்து பூட்டித் திருப்பினான். மரைக்கார் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தலகீழாத் தெரியிதே?"

"ஓம் மாமா. இந்தக் குழாய் எல்லாத்தையும் அப்பிடித்தான் காட்டும்."

"பரவாயில்ல. பிறை பிறைதான்."

அவர் பிறைக்கு ஓதும் துஆவை ஓதினார். பிறகு விலகி நின்று, கலையாமல் நின்றவர்களைக் கூப்பிட்டார். பிறை பனைக்குப் பின்னால் இறங்கும்வரை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். மிச்ச வானத்தைக் காட்ட அன்று நேரமில்லை, குணத்துக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

கடைசியில் தொலைநோக்கியை மூட வந்த காலிதீனிடம் மரைக்கார் கையை நீட்டினார். காலிதீன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மரைக்கார் அதைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"பெருநாள் பிறைக்கு நானே கொண்டு வாறன். முதல்ல ஊர் கண்ணால பாக்கட்டும். பிறகு எனக்கு இத நீங்க பூட்டித் தாங்க" என்றார். "இப்ப வீட்ட போய் ஜுனைதாட்டச் சொல்லுங்க, விடியமுன்ன ஸஹர் சோத்துக்கு நானும் வாறனெண்டு."