பாதையில் கழற்றக் கூடாது

கிணறு வெட்டுகிறவனுக்கு வேர்க்கும் என்பது ஊருக்கே தெரியும். வெட்டுவதை மேற்பார்வை பார்க்க மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அதைவிட வேர்க்கும் என்பது, என்னைப்போல ஹெல்மட்டுக்குள் தலை வெந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சண்டைக் காலத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் குடிநீர்க் கிணறு கட்டிக் கொடுத்தது. நான் அதில் வெளிக்கள உத்தியோகத்தன், அதுவும் தற்காலிகம். அலுவலகம் நகரில், அரசாங்க ஆமியின் பக்கம். கிணறுகள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில், போராளி இயக்கத்தின் பக்கம். நிறுவனத்தின் சட்டம் சுருக்கமானது: கவச உடுப்பில்லாமல் மோட்டார் சைக்கிளில் கண்டால் வேலை போகும். இரு பக்கத்துக் காவற்சென்றிகளின் சட்டம் அதைவிடச் சுருக்கம்: தடித்த உடுப்புக்குள் எதையோ ஒளித்து வருகிறவனைக் கண்டால் உயிர் போகும். என் மனைவி மலர் அப்போது பிள்ளைத்தாச்சி. எனக்கு வேலையும் வேண்டியிருந்தது, உயிரும் வேண்டியிருந்தது.

அளவு பார்த்தது

கவச உடுப்பு ஒரு பெரிய பெட்டியில் வந்தது. முகம் முழுக்க மூடும் ஹெல்மட், நாடிவரை இழுத்துப் பூட்டும் பஞ்சு வைத்த ஜக்கெட், முழங்கைவரை கையுறை, முழங்காலுக்குத் தட்டு, கெண்டைக்கால்வரை சப்பாத்து. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில், பனி கொட்டுகிற தேசத்து மனிதனுக்காகத் தைத்தது. உள்ளே கம்பளித் துணி வேறு. நான் அதைப் போட்டுப் பார்த்தது ஆனி மாதம், கச்சான் காற்று வாவித் தண்ணீரையே சுடவைத்துக்கொண்டிருந்த நேரம்.

வீட்டுக்குள் இரண்டு தரம் நடந்து காட்டினேன். மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புட்டுக்குழல்ல மாவ அடைக்கிற மாதிரியெல்லா அடைச்சு அனுப்பிறாங்க. பின்னேரம் தட்டினா அவிஞ்சுதான் விழுவீங்க."

காய்ச்சல்காரன்

முதல் வேலை உன்னிச்சைப் பக்கம். கிணறு கேட்டிருந்தவர் கந்தப்போடி என்ற வயற்காரர். வயல் வட்டைக்குள் வரம்போரமாக இடம் காட்டினார். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஜக்கெட்டைக் கழற்றலாம் என்றால், எங்கள் அலுவலகத்து வெள்ளை ஜீப் எந்த மூலையில் நின்று பார்க்கும் என்று சொல்ல முடியாது. பூட்டியபடியே நின்றேன். சப்பாத்துக்குள் கால் வேர்வையில் சளக் சளக் என்றது.

கந்தப்போடியாருக்கு என்னைப் பார்க்க இரக்கமாகிவிட்டது. இந்த வெயிலில் இப்படிப் போர்த்துக்கொண்டு நிற்பவன் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு கட்டி, வீட்டுக்கு ஆளனுப்பி, ஒரு செம்பு நிறையக் கொத்தமல்லி அவித்து வரச்சொன்னார். ஆவி பறந்தது. மறுத்தால் மனம் நோவார் என்று மூச்சைப் பிடித்துக் குடித்தேன். உச்சந்தலையிலிருந்து வேர்வை கொட்டியது. அவர் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மனம் நிறைந்து சொன்னார்: "நல்லா வேர்க்குது மனே. காய்ச்சல் விட்டிட்டு."

கடை பரப்பியது

போகும்போது ஆமிச் சென்றி, வாவி தாண்டினால் இயக்கத்துச் சென்றி. இரு தரப்பும் எந்த விசயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். என் ஜக்கெட் விசயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: கழற்று.

ஆமிச் சென்றியில் ஒரு வயதான கோப்ரல் நின்றார். நல்ல மனிதர். ஹெல்மட், கையுறை, தட்டு, ஜக்கெட் எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் வரிசையாகப் பரப்புவேன். ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பார். மறுபடி உடுப்பேன். போகும்போதும் இது, வரும்போதும் இது. ஒருநாள் சாக்கைப் பார்த்தபடி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நீ தினம் தினம் கடை போடுறது. எப்ப விக்கிறது?"

மறுகரையில் நின்ற இயக்கப் பொறுப்பாளருக்கு வேறு சந்தேகம். ஜக்கெட்டை அமுக்கிப் பார்த்து, துவக்குச் சன்னம் தாங்குமா என்று கேட்டார். தாங்காது என்றேன். ஷெல் துண்டு? அதுவும் தாங்காது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் தோல் உரியாது, அவ்வளவுதான் என்றேன். ஷெல் விழுகிற ஊரில் தோல் உரிவதற்குப் பயந்து ஒருவன் உடுப்புப் போட்டிருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஜக்கெட்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "விழுந்தாத்தான் பிரயோசனமெண்டா, விழக்குள்ள போடுங்களன் அண்ணன்."

நல்ல தமிழ்

இந்தத் தொல்லைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். வாவியைக் கடக்கும்போது எல்லாவற்றையும் கழற்றிப் பின்சீற்றில் கட்டிவிடுவேன். கரையில் இறங்கும்போது உள்ளே போட்டிருந்த வெறும் சேட்டோடு, மற்றச் சனத்தைப்போல ஒரு சனமாக இறங்குவேன். அந்த வழியையும் கொழும்பு அடைத்துவிட்டது.

கொழும்பிலிருந்த எங்கள் பாதுகாப்பு அதிகாரி தமிழ்ப் பற்றுள்ளவர். ஆங்கிலத்திலிருந்த விதிகளைத் தானே தமிழாக்கி எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பினார். அதில் தடித்த எழுத்தில் ஒரு வசனம்: 'பாதையில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் கவச உடுப்புகளைக் கழற்றக் கூடாது.' மற்ற ஊர்களில் பாதை என்றால் வீதி. எங்கள் ஊரில் வீதிக்கு றோட்டு என்றுதான் பெயர். பாதை என்றால் அது வாவியைக் கடக்கிற மிதவை. ஆளும் மாடும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும், வரும். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் மட்டக்களப்பார். ஒருவருக்குக்கூட வேறு அர்த்தம் தோன்றவில்லை. "எழுதினபடி செய்யுங்க" என்றார் முகாமையாளர்.

அன்றிலிருந்து நடு வாவியில் ஹெல்மட்டோடு நின்றேன். பாதை ஓட்டுகிற மூத்ததம்பி அண்ணன் சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் காற்றுக்குப் பாதை ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தபோது, என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாதை தாழ்ந்து போனா மத்தவனெல்லாம் நீந்துவான் தம்பி. நீ அடியில இருந்தே கிணத்த வெட்டத் தொடங்கலாம்."

தயிர்ச்சட்டி

ஒரு மத்தியானம் படுவான்கரையிலிருந்து திரும்பினேன். விதிப்படி முழுக் கவசத்தோடு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையிலிருந்து இறங்கினேன். சென்றியில் கோப்ரலைக் காணவில்லை. புதியவன் ஒருவன் நின்றான். அந்த வெயிலில் ஜக்கெட்டும் மூடிய முகமுமாக ஒருவன் வருவதைக் கண்டதும் துவக்கை நீட்டினான். சிங்களத்தில் கையை உயர்த்தச் சொல்லிக் கத்தினான். அடுத்த மூச்சில் ஹெல்மட்டைக் கழற்றச் சொல்லிக் கத்தினான். கையை உயர்த்தினால் கழற்ற முடியாது. கழற்றினால் கையைத் தாழ்த்த வேண்டும். நான் கையை உயர்த்தினேன். பிடிக்க ஆளில்லாத மோட்டார் சைக்கிள் தடாரென்று விழுந்தது. சத்தத்துக்குச் சனமெல்லாம் நிலத்தில் படுத்துவிட்டது.

எனக்கு மலரின் வயிறு நினைவுக்கு வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அப்போதுதான் படுக்காமல் நின்ற ஒரே ஒரு ஆளைக் கண்டேன். தலையில் தயிர்ச்சட்டிகளோடு பூமணி அக்கா. நகரத்துக்குத் தயிர் கொண்டுபோய் விற்கிறவர். சிங்களத்தில் லிங் என்றால் கிணறு, மாத்தயா என்றால் ஐயா; சென்றியில் எனக்கு லிங் மாத்தயா என்றுதான் பெயர். அவர் நின்ற இடத்தில் நின்றபடி, "லிங் மாத்தயா! லிங் மாத்தயா!" என்று கத்தினார். உள்ளேயிருந்து கோப்ரல் வாயில் சோற்றோடு ஓடிவந்து, புதியவனின் துவக்கைக் கீழே அமுக்கினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூமணி அக்காவிடம் போய், உங்களால்தான் உயிரோடு நிற்கிறேன், எல்லாரும் படுக்க நீங்கள் மட்டும் எனக்காக நின்றீர்களே என்றேன். தலையை ஆட்டமுடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிச் சொன்னார்: "நான் சட்டி உடையுமெண்டு நிண்டன் மனே. உனக்காகவெண்டு நினைச்சிராத."

பாதை வருகிறது

மறுநாள் அந்த உடுப்புப் பொதியை முகாமையாளரின் மேசையில் போட்டேன். வேலையை எடுத்தாலும் சரி, இனிப் பாதையில் இதைப் போடமாட்டேன் என்றேன். அவர் கொழும்புக்கு அறிவித்தார். பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்தார்.

வாவித் துறைக்குக் கூட்டிப்போனோம். "பாதை வருது, ஐயா. கொஞ்சம் பொறுங்க" என்றார் முகாமையாளர். அதிகாரி வந்த வீதியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி முகாமையாளரைப் பார்த்தார். வெயில் இவர்களை ஏதோ செய்துவிட்டது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல் சொன்னார்: "பாதை வராது, தம்பி. நாங்கள்தான் அதில் போக வேண்டும்."

திருத்தம்

மிதவை வந்து கரையில் முட்டியதும் அவருக்கு எல்லாம் விளங்கியது. உண்மையிலேயே வருந்தினார். கொழும்பு திரும்பிய கையோடு விதியைத் திருத்தி, பழையபடி எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பினார்: 'பாதையில் ஏறியவுடன் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.' நான் மறுபடி சேட்டோடு கரையிறங்கினேன். வேலை நிலைத்தது. மலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது, முகத்தையும் பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சியில் இருந்தபோது வவுனியா அலுவலகத்திலிருந்து என்னைப்போன்ற ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் தொலைபேசியில் வந்தார். அங்கே வாவியும் இல்லை, மிதவையும் இல்லை. மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணை, றோட்டில ஏறின உடன அனைத்தையும் கழட்டட்டாம். இடுப்பில கட்டின சாரத்தையுமோ?"

ஆக, இரண்டு பக்கத்துத் துவக்குக்கும் தப்பி நான் சண்டைக் காலத்தைக் கடந்தேன். என்னைக் கொல்லப் பார்த்தவை நல்லெண்ணத்தோடு தந்த ஒரு ஜக்கெட்டும் நல்ல தமிழில் எழுதிய ஒரு வசனமும் மட்டும்தான்.