சூசைக்கு வந்த இரண்டாவது வியாதி

"…நெஞ்சுக்குன்னு நீங்க மிக்சர் குடுக்குறீங்க டாக்டரே, இந்த ஆளு அத்த சாக்கடைக்குக் குடுத்துகினு கீறாரு!"

போன வாரம் ராயபுரத்தில் ஒரு டிஸ்பென்சரியில் இப்படி ஒரு குரல். என் முழங்கால் வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பேசியவள் மீன் விற்கும் பிலோமினா. பக்கத்தில் தரையைப் பார்த்தபடி அவள் கணவர் சூசை. ரயில்வே யார்டில் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கிறவர். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு. பிழைக்கமாட்டார் என்று மாதா கோயில் சாமியாரை அழைத்து அவஸ்தைப் பூசுதலும் ஆகிவிட்டது. சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு, ஜெபித்து, வழியனுப்புவார்களே... அது. மனிதர் பிழைத்துக்கொண்டார்! ஆனால்—

"ஏன்பா மருந்தைக் கொட்டறீங்க?" என்றார் டாக்டர்.

"எண்ணெய் பூசி அனுப்பி வச்சிட்டாங்க. திரும்பி வந்து இன்னா பண்ண?" என்றார் சூசை.

"கேட்டீங்களா! சோறு துன்றதில்ல, தூங்கறதில்ல. சொவத்தப் பாத்துகினு குந்தினு கீறாரு. தெருவே குசுகுசுன்னு வந்து பாத்துட்டுப் போவுது, சாவு வூடு மாரி!"

"தைரியமா இருக்கச் சொல்லும்மா."

"கால் ஒடிஞ்சவன ஓடச் சொல்லுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நாமும் எத்தனை பேருக்கு இந்த 'தைரிய' மருந்தைக் கொடுத்திருக்கிறோம்! செலவில்லாத மருந்து. கொடுப்பவருக்குத்தான் தெம்பு தருகிறது.

டாக்டர் கோபப்படவில்லை. "நீ சொல்றது சரிதான். மனசு விழுந்தா நெஞ்சு தேறாது. மறுபடி வலி வந்தா தாங்காது. மருந்து தவறக்கூடாது. காலையில மெதுவா நடக்கட்டும். தனியா விடாதே, யாராவது பேச்சுக் கொடுக்கணும்."

"யாரு கீறாங்க? நான் கூடை தூக்கினாத்தான் அடுப்பு எரியும்."

அரை நிமிஷம்தான் யோசித்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு வேளை மருந்தை அவரைக் குடிக்கவைத்தாள்.

"எந்திரிய்யா. கூடைய நீ தொடவாணாம். கூட நட. மீனு இன்னான்னு கூவு, போதும்."

"ரயில்வேக்காரன் மீனு கூவறதா? இன்னாம்மே, பேஜார் பண்றே!"

இரண்டு மாதத்தில் அவருக்கு ரோஷம் வந்தது அன்றைக்குத்தான் போலும்.

நானும் பின்னாலேயே போனேன். முழங்கால் காத்திருக்கட்டும்! வாசலில் இருந்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். முதல் தெருமுனை. நின்றாள். கூவவில்லை. வெயில் ஏறுகிறது, மீன் தாங்காது... உதட்டை இறுக மூடிக்கொண்டு, அவர் வாயைத் திறக்கும்வரை நின்றாள்.